எங்கம்மாவுக்குத்தான் தெரியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம்.

நேற்று வீடியோவில் பேசும்போது கரண்ட் போய்விட்டது என்றேனே, அது பொய். விளக்கை நான்தான் அணைத்தேன். பதறாதே. அறைத்தோழியின் கிரீமைப் பூசினேன். அவளுக்கு முகம் பளபளக்கிறது, எனக்கோ தடித்து வீங்கிவிட்டது. ஹோட்டல் வரவேற்பு மேசையில் இந்த முகத்தோடு உட்கார வேண்டாம் என்று மேனேஜர் அனுப்பிவிட்டார். லீவு கிடைத்தது என்று வைத்துக்கொள். வீக்கம் இன்னும் வடியவில்லை.

மருந்துக்கடை அக்கா, "உன் தோலுக்கு எதும்மா ஒத்துக்கும்?" என்று கேட்டார். "எங்கம்மாவுக்குத்தான் தெரியும்" என்றேன். அவர் சிரித்தார். நான் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

சின்ன வயதில் எனக்கு எந்த சோப்பு போட்டாய், எது போட்டால் தடித்தது, யோசித்து வை. அறைத்தோழி வருகிறாள், நிறுத்துகிறேன். இதைப் படித்ததும் கூப்பிடு. விளக்கைப் போட்டே பேசுகிறேன்.

உன் மகள்