இரண்டு மில்லி தகராறு

கியர் ஆயில் வாசனை இந்தச் சட்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை துவைத்தாயிற்று. வீட்டில் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கோ நீ பக்கத்தில் குந்தியிருக்கிற மாதிரியே இருக்கிறது. அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: டிஃபரன்ஷியல் ஏறிவிட்டது.

நீ கண்ணை மூடினபின், போபோடி வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு கோந்த்வாவில் இருக்கப்போவதாக உன் மனைவி சொன்னாள். பின்பக்கத் தகரக் கொட்டகையில் நாம் ஞாயிறுதோறும் கட்டிவந்த, இன்னும் வெறும் சட்டகமாக நின்ற காரைக் காட்டி, "சக்கரத்துல நின்னா அதுவும் கோந்த்வா வரட்டும்ணா. இல்லன்னா பங்கார்காரனக் கூப்பிட்டுருவேன்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய இரும்புக்காரன் வந்தால் நம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் தராசில் ஏறிவிடும். விடுவேனா?

என்ஜின் இழுப்பைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அந்த இரும்புக் குண்டு உட்கார்ந்தால்தான் சக்கரம் மாட்ட முடியும். அதைத் தாங்க நீ பற்றவைத்த இரண்டு பட்டைகளை வைத்து நாம் போட்ட சண்டை ஞாபகமிருக்கிறதா? வெல்டிங் சூட்டில் பட்டை உள்ளே இழுக்கும், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கூட விடு என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "அரே, ஜாகா விட்டா ஆடும்டா. ஆடுச்சுன்னா போல்ட்டு ஓட்டை பெருசாயிரும்" என்று முகமூடியை இறக்கிக்கொண்டாய். முழு வெல்டிங் முடித்தாய், படுக்கையில் விழுந்தாய், அதைத் திரும்ப மாட்டிப் பார்க்க உனக்கு வாய்க்கவில்லை.

போன வாரம் உன் மனைவி ஜாக்கியை அடிக்க, நான் மல்லாந்து படுத்து, குண்டின் மூக்கைத் தூக்கி உள்ளே விட்டேன். பாதி போய் நின்றது. சாய்த்தேன், திருப்பினேன், ரப்பர் சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. எனக்கு உள்ளூர ஒரு குஷி வந்தது, மன்னித்துக்கொள். "பாத்தியாம்மா, அன்னிக்கே சொன்னேன்!" என்று கிரைண்டரை எடுத்தேன். உன் பட்டையைக் கொஞ்சம் தேய்த்தால் வேலை முடிந்தது. மறுப்புச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"உங்க ரெண்டு பேரு சண்டைக்கு நான் வரல" என்று சொல்லி அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிரைண்டர் உன் பட்டையைத் தேய்க்கும் சத்தத்தைக் கேட்க அவளுக்கு மனசில்லை.

கிரைண்டரைக் கிட்டே கொண்டுபோன பிறகுதான் கவனித்தேன். உரசிய இடத்தில் இரும்பு பளபளக்கவில்லை. நீல பெயிண்ட்தான் சுருண்டு எழும்பியிருந்தது. நீ இல்லாமல் சட்டகத்தைத் தளேகாவுக்குக் கொண்டுபோய்ப் பவுடர் பெயிண்ட் பூச்சு அடித்து வாங்கி வந்தவன் நான். எது பெயிண்டுக்குப் போனாலும், ஒன்றோடொன்று உட்காரும் முகங்களில் டேப் ஒட்டி அனுப்புவது உன் வழக்கம். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரமா என்று கிண்டல் செய்வேனே, அதைத்தான் இந்தத் தடவை யாரும் செய்யவில்லை. இரண்டு பட்டையிலும் காகிதக் கனத்துக்குப் பூச்சு. நீ விட்டிருந்த இடமே அவ்வளவுதான்.

பிளேடால் சுரண்டினேன். அவளைக் கூப்பிட்டேன், மறுபடி ஜாக்கி அடித்தாள். உள்ளங்கையால் ஒரு தள்ளு, அலுங்காமல் போய் உட்கார்ந்தது. போல்ட் விரலாலேயே நுழைந்தது. "ஒத்துக்கறேன்டா, நீதான் கரெக்ட்!" என்று கத்தியே விட்டேன்.

அவள் சிரித்தாள். "இத அவரு இருக்கும்போது ஒருதரம் சொல்லியிருந்தீங்கன்னா தெருவுக்கே பேடா வாங்கிக் குடுத்திருப்பாருண்ணா" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் காருக்கு அடியில் படுத்தபடியே மீதி போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினேன்.

இப்போது வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கிறது, பங்கார்காரனுக்கு வேலையில்லை. வேலை செய்யும்போது உன்னோடு வாய்விட்டே சண்டை போடுகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அடுத்தது ஸ்டீயரிங். கம்பியைச் சாய்த்து வைக்கணும் என்று நீ அடம் பிடித்தாய். நான் நேராகத்தான் வைக்கப்போகிறேன். இதில் நான்தான் சரி. முடிந்தால் வந்து தடுத்துப் பார்.