சிவப்பு லைட் மறுபடியும் எரிந்தது, மாமா

சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து பிரேக் ஆயில் வாசம் போகவில்லை, மாமா. காலையில் கிளம்பும் முன் வண்டியின் ஆயில் டப்பா மூடியைத் திறந்து பார்த்ததில் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் சோறு பிசையும்போது குமட்டியது. நீங்கள் இருந்திருந்தால், "புளியப் போட்டு நல்லா தேய்ம்மா, கைதானே, தேஞ்சா போயிடும்?" என்று கிண்டல் செய்திருப்பீர்கள்.

போன வாரம் நம் காரில் அந்தச் சிவப்பு லைட் மறுபடியும் எரிய ஆரம்பித்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதல் தடவை எரிந்தபோது நாம் பட்ட பாடு கொஞ்சமா? உங்கள் பேத்தி யாழினிக்குக் காய்ச்சல் வந்து வலது காலில் பலமே இல்லாமல் போன சமயம். திருவாரூரில் காலுக்குப் பயிற்சி கொடுப்பவரிடம் வாரா வாரம் போக வேண்டும். உங்கள் மகனோ குவைத்தில். வளர்ந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு கீழ்வேளூரில் பஸ் ஏற என்னால் முடியவில்லை. கார் ஓட்டப் பழகினேன். மருமகள் ஓட்ட, மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார் என்று ஊர் சிரித்தது. "உங்க வீட்டு மருமவளுக்கு ஓட்ட வரலன்னா அதுக்கு நான் என்னடா பண்றது?" என்று கேட்டீர்களே, அன்றைக்கே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

அப்புறம்தான் இந்த லைட் வந்தது. மெக்கானிக் பிரேக் ஷூ மாற்றினார், ஆயில் மாற்றினார். வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி எரிந்தது. கடைசியில், "எங்கயோ வயர் ஷார்ட்டு. பல்ப புடுங்கிடுறேன், தைரியமா ஓட்டுங்க" என்றார். உங்களுக்கு வந்ததே கோபம்! "பல்ப புடுங்க உன்கிட்ட எதுக்குய்யா வரணும்? அத நானே புடுங்க மாட்டனா?"

வாசலில் நிறுத்தி நாமே இறங்கினோம். இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. ஹேண்ட்பிரேக் முழுசாக இறங்காவிட்டாலும், ஆயில் குறைந்தாலும் இதே லைட்தான் எரியும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. ஒவ்வொரு வயராகக் கழற்றினால் எதில் அணைகிறது என்று தெரிந்துவிடும் என்றேன். நான் பானெட்டுக்குள் தலையை விட, நீங்கள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கக் கத்தினீர்கள். "எரியுது! இன்னும் எரியுதும்மா!" வண்டிதான் தீப்பிடித்துவிட்டது என்று அத்தை தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார்கள்.

ஹேண்ட்பிரேக் சுவிட்ச் வயரைக் கழற்றியதும் லைட் அணைந்தது. உறையைத் தூக்கிப் பார்த்தால், அடியில் நெல்மணிகள். அதனால்தான் லீவர் முழுசாக இறங்கவில்லை. "வண்டியில மூட்டை ஏத்தாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே மாமா!" என்றேன். "வெத நெல்லும்மா. வெயில்ல சைக்கிள்ல வெச்சுத் தள்ளிட்டு வரவா?" என்று இழுத்தீர்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஒரு லைட்டுக்கு அப்படி மல்லுக்கட்டிய மனுஷன், நெஞ்சு வலித்தபோது "கேஸ்தான், விடு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, சோடா குடித்துப் படுத்துக்கொண்டீர்கள். வாசலில் வண்டி நின்றது. ஓட்ட நான் இருந்தேன். ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் லைட் எரிந்ததைப் பார்த்த உங்கள் சின்ன மகன், உடனே அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார். "அப்பாவும் இல்ல, வண்டியும் சரியில்ல. வித்துடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை பாக்க ஆள் வருது" என்றார் உங்கள் பெரிய மகன், குவைத்திலிருந்து.

"யாழினி?"

"வீட்லயே வெச்சுப் பயிற்சி குடு."

நீங்கள் இருந்திருந்தால் இந்தப் பேச்சு அவர் வாயில் வருமா?

நெல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம் பாருங்கள். உறையைத் தூக்கினேன், ஒரு மணி கூட இல்லை. சுவிட்சைக் கழற்றினேன், அப்போதும் எரிந்தது. கத்திச் சொல்லத்தான் ஆள் இல்லையே, செல்போனை டேஷ்போர்டுக்கு எதிரே சாத்திப் படம் எடுக்க வைத்துவிட்டு, முன்னால் போய் ஆயில் டப்பாவின் வயரைக் கழற்றினேன். படத்தில் லைட் பட்டென்று அணைந்தது. டப்பாவுக்குள் ஆயில் கோட்டுக்குக் கீழே கிடந்தது. பின்சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டால் பிசுபிசுவென்று ஈரம்.

அதற்கு முந்தின நாள்தான் அந்த பிரேக்கை நம்பிப் பிள்ளையைக் கூட்டி வந்திருந்தேன். கொஞ்சம் ஆயில் ஊற்றினால் லைட் அணைந்துவிடும், எல்லார் வாயையும் அடைத்துவிடலாம் என்றும் தோன்றாமல் இல்லை. மனசு கேட்கவில்லை. மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல்லி, பின்சக்கரத்தில் ஆயில் கசிந்த பிரேக் சிலிண்டரை மாற்றிய பிறகு, உங்கள் மகனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றார்.

"பாத்ததாலதாங்க சரி பண்ணுனேன். விக்கிறதா இருந்தா நீங்க லீவு போட்டு வந்து, பொண்ணத் தூக்கிக்கிட்டு பஸ்ல போங்க" என்றேன். போனை வைத்துவிட்டார்.

இன்று காலை திருவாரூர் போனோம். யாழினி முன்சீட்டில் இருந்தாள். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று இன்னொரு வண்டியை முந்திக்கொண்டு நேராக எங்கள் மேல் வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. லாரி மயிரிழையில் விலகிப் போனது. அதே நேரம் பக்கத்தில் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. எதிரே எது வந்தாலும் உங்கள் பக்கத்தில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிப்பீர்களே, அப்படியே யாழினியும் மிதித்திருக்கிறாள். வலது காலால், மாமா! எத்தனை பயிற்சிக்கும் மசியாத அந்தக் காலால்.

"அம்மா, நான்தாம்மா மிதிச்சேன்" என்றாள், அவளுக்கே நம்பிக்கையில்லாமல்.

ஓரமாக நிறுத்தி ஓவென்று அழுதேன். "இன்னொரு தடவ மிதிடி" என்றேன். மிதித்தாள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஆள் வரட்டும். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, நான் கொடுப்பதாக இல்லை.