வாறன் என்றாய்

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். இன்று காலை, ஜெர்மனியின் ஹம் நகரில் என் வீட்டு நிலவறையில், நீ விட்டுப்போன பழைய றப்பர் நீச்சலுடை நனைந்து தொங்கியது. மூன்று வருடமாக அதை யாரும் தொடவில்லை. மேலே குழாய் இல்லை, சுவரில் கசிவும் இல்லை. கீழே தேங்கியிருந்த நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அலைச்சறுக்கு என்று சொல்லி வடகடலில் உள்ள சில்ட் தீவின் மேற்குக் கரைக்கு என்னை இழுத்துப் போனவன் நீ. சனம் அதை மாற்றிச் சொல்கிறது. படித்த திமிரில் நான்தான் உன்னைக் கடலில் இறக்கினேனாம். விறைக்கும் நீரில் நான் பல்லைக் கடித்து நிற்க, "என்ன டொக்டர், பட்டத்தைப் போர்த்தும் குளிருதோ?" என்று சிரித்தவன் யார்? "இது ஸ்கொட்லாந்தைச் சுத்தி வாற அத்திலாந்திக் அலையடா. களைச்சுப்போய்த்தான் வருது, பயப்பிடாதை" என்றவன் யார்?

அந்த நவம்பரில் அலை களைத்து வரவில்லை. மணல்திட்டில் மோதிப் பழுப்பாக உடைந்தது. நான் கரையேறிவிட்டேன். உடையும் அலைகளுக்கு அப்பால் பலகையில் இருந்தபடி நீ கையை உயர்த்தி, "வாறன்!" என்று கத்தினாய். பிறகு மூடுபனி இறங்கியது. வருகிறேன் என்றவனுக்காகக் காத்திருந்தேன், வேறென்ன செய்வது? பலகை மட்டும் வந்தது. பலகையையும் உன் கணுக்காலையும் இணைத்துக் கட்டியிருந்த வார் பூட்டியபடியே இருந்தது. உள்ளே கால் இல்லை. உன்னைக் கடல் இன்னும் தரவில்லை.

கடைசியாக என்ன சொன்னான் என்று மீட்புக்காரர்கள் கேட்டார்கள். திரும்பி வருவதாகச் சொன்னான் என்று ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். உன் அக்கா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அது போகேக்க சொல்லுற வாறன். எங்கட வீட்டிலை ஆரும் போறன் எண்டு சொல்லிப் படலை தாண்டுறேல்லை. படிச்ச உமக்கு அது விளங்கேல்லையோ? பாத்துக்கொண்டு நிண்டனீர்."

அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. இரண்டு பொருள் உள்ள சொல்லை எறிந்துவிட்டு நீ போய்விட்டாய். பழி எனக்கு. இதற்காக உன்னை மன்னிக்க என்னால் ஏலாது.

இப்போதும் அந்தக் கரைக்குப் போகிறேன், தனியாக. காற்று விழும்போது முதுகுக்குப் பின்னால் அதே குரல். திரும்பினால் சாம்பல் நீர்தான். ஆனால் கூர்ந்து கேட்டுவிட்டேன். விடைபெறுகிறவனின் குரல் தூரப் போகும். இது ஒவ்வொரு முறையும் இன்னும் கிட்டக் கேட்கிறது.

இதை அக்கா அறிய வேண்டும். இந்தக் கடிதத்தைக் கொலோனுக்கு, அவருடைய விலாசத்துக்கே அனுப்பப்போகிறேன். என் பெயரைக் கண்டால் பிரிக்காமலே கிழித்துவிடுவார். பெயரில்லாமல் போடுகிறேன். நீ எழுதியதோ என்று ஒரு கணம் நினைத்தாவது பிரித்துப் பார்ப்பார்.