இரண்டு சீட்டி, ஒரு மிதி

மார்ச் 3, செவ்வாய்

மிளகு இன்று திரும்பினாள்!

ஒழுங்காக எழுதுகிறேன். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட பல் டாக்டரை வெளியே எடுத்து, மோட்டாரையும் சரிசெய்துவிட்டு வீடு வர ஆறு மணி. என் மகள் மிளகு கூடத்தில் பாயில் மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாசலில் நின்று எங்கள் வீட்டுச் சீட்டியை அடித்தேன். குட்டையாக இரண்டு சீட்டி, முடிவில் குதிகாலால் தரையில் ஒரு மிதி. தலை சட்டென்று என் பக்கம் வந்தது.

அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர். அந்த இரைச்சலில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் யார் காதில் விழும்? சீட்டியடித்துப் பலகைமேல் ஓங்கி மிதிப்பார். அக்காவும் நானும் எந்த மூலையில் இருந்தாலும் ஓடுவோம். இன்றைக்கும் கல்யாண வீட்டில் எவனாவது சும்மா சீட்டியடித்தால் நாங்கள் மட்டும் கையில் எடுத்த சோற்றோடு நிமிர்ந்து பார்ப்போம். சீட்டிக்குத் திரும்பிய பிறகுதான் ஒரு குழந்தை நம் வீட்டு ஆள் என்பது அப்பாவின் சட்டம். அக்கா மூன்று மாதத்தில் திரும்பினாளாம். நான் நாலரை மாதம் எடுத்துக்கொண்டேன். சோம்பேறி என்ற பட்டம் அப்போதே கிடைத்துவிட்டது.

அப்பா இதைப் பார்க்கவில்லை. மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது வயிற்றருகே குனிந்து சீட்டியடித்தார். "மாமா, உள்ள இருக்கறது பயந்து இப்பவே வெளிய வந்துடப் போவுது" என்று இவள் சிரித்தாள். அடுத்த மாதம் போய்விட்டார்.

தடுப்பூசி அட்டையில் 'சத்தம் கேட்டுத் திரும்புகிறது' என்ற கட்டத்தில் பேனாவை அழுத்தி டிக் போட்டேன். நான்கு மாதம், இரண்டு நாள்.

மார்ச் 4, புதன்

அக்காவுக்குப் போன் செய்தேன். "அப்பா இருந்திருந்தா ஊரையே கூட்டியிருப்பாருடா" என்று சொல்லிவிட்டு ஒரே அழுகை. இன்றும் இரண்டு தடவை அடித்தேன். இரண்டு தடவையும் திரும்பினாள்.

மார்ச் 29, ஞாயிறு

குப்புற விழுந்துவிட்டாள். ஒரு கை அடியில் மாட்டிக்கொள்ள, என்னைக் கேட்காமல் ஏன் கவிழ்த்தீர்கள் என்பதுபோல் முறைத்தாள். நான் குதித்த குதியில் கீழ்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார். எங்கள் பலகைத் தரைதான் அவர் கூரை. பாவம், என்ன செய்வார்.

சாப்பிடும்போது இவள் கேட்டாள். "ஒண்ணு கவனிச்சீங்களா? குக்கர் விசில் அடிச்சப்ப நானே திடுக்கிட்டேன். இவ கண்ணக்கூட சிமிட்டல."

"தைரியசாலி" என்றேன்.

ஏப்ரல் 18, சனி

இவள் நேற்று மிளகின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தாளாம். தட்டையும் கரண்டியையும் கொண்டு தட்டிப் பார்த்தாளாம். ஒன்றுக்கும் அசையவில்லையாம். பிறந்தபோது காது பார்க்கும் மெஷின் ரிப்பேர், அப்புறம் வாருங்கள் என்றார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. "ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாமே" என்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. நன்றாக இருக்கும் குழந்தைக்கு எதற்கு ஆஸ்பத்திரி? தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாலே இவளுக்கு ஏதாவது ஒரு கவலை வேண்டும். எழுந்து சீட்டியடித்துக் காட்டினேன். மிளகு திரும்பிச் சிரித்தாள். பேச்சு முடிந்தது.

மே 10, ஞாயிறு

மறுபடியும் அதே பேச்சு. இந்த நோட்டை எடுத்து வந்து மார்ச் 3-ஐ விரித்து அவள் முன்னால் வைத்தேன். "படி. தேதி போட்டு எழுதியிருக்கேன். சத்தத்த வச்சே எந்த பேரிங் போயிருக்குன்னு சொல்றவன் நான். எம் பொண்ணுக்குக் காது கேக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

அவள் படித்தாள். நோட்டை மூடிக் கொடுத்தாள்.

ஜூன் 21, ஞாயிறு

முதல் பல். கீழே, இடது பக்கம்.

ஜூலை 19, ஞாயிறு

தவழ்கிறாள். தவழ்ந்துபோய் என் செருப்பைத்தான் நக்குகிறாள். போஸ்ட்மாஸ்டர் கட்டையால் தட்டியதும் நின்று தரையைப் பார்த்தாள். "பாத்தியா? கீழ இருந்து தட்டுறதுகூடக் கேக்குது" என்றேன்.

இவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "முன்ன ங்கா ங்கான்னு ஓயாம பேசிட்டிருந்தா. இப்ப ரெண்டு வாரமா சத்தமே இல்ல" என்றாள்.

நான் கவனிக்கவில்லை. உண்மையாகவே கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

எப்படி எழுதுவது?

மத்தியானம். மிளகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிண்ணத்தைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். இவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒரே ஒரு தடவ அடிங்க. காலத் தட்டாம."

"ஏன், எங்கப்பா கோவிச்சுக்குவாரு" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சீட்டி மட்டும் அடித்தேன். கிண்ணம் உருண்டது. மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை மூச்சு முழுவதையும் கூட்டி அடித்தேன். தெருவில் போன யாரோ நின்று எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். மிளகு கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு குதிகாலால் ஒரு மிதி மிதித்தாள். சீட்டியும் இல்லை, வேறு சத்தமும் இல்லை.

மிளகு திரும்பினாள்.

பலகைதான். பாயில் கிடந்த குழந்தையின் முதுகில் போய்த் தட்டியது தரைதான். ஐந்து மாதமாக நான் தரையைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டு சீட்டி அடித்தேன், சீட்டி அடித்தேன்னு— அடப்பாவி. என்னடா செஞ்ச நீ? அவ அன்னிக்கே சொன்னாளே. ஏப்ரல்லயே சொன்னாளே.

ஆகஸ்ட் 17, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 28, வெள்ளி

மிளகைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி ஒரு மணி நேரம் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்காது. காது நரம்பே சரியாக உருவாகவில்லையாம். ஆபரேஷன் செய்தும் பலன் இருக்காதாம். காதில் மெஷின் மாட்டிப் பார்க்கலாம், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். கையால் பேசுவதற்குச் சீக்கிரம் பழக்குங்கள், மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் மாதங்கள் இவை என்றார். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். என் டிக்கில் அவர் விரல் நின்றது.

"இவ்ளோ நாள் ஏன் வரல?"

இவள்தான் சொன்னாள். "எங்களுக்குத் தெரியல டாக்டர்."

எங்களுக்கு என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் மிளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தியிருக்கலாம். நீங்கதான் விடலன்னு நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பா வயிற்றருகே குனிந்து அடித்த சீட்டியும் மிளகுக்குக் கேட்டிருக்காது. அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 9, புதன்

வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒரு லிஃப்ட் கரகரவென்று ஓடுகிறது. பக்கத்திலேயே நின்றும் எங்கே கோளாறு என்று பிடிபடவில்லை. சீனியர் வந்து மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தார். முப்பது வருஷம் மோட்டார் ரூமில் இருந்து அவருக்குக் காது பாதிதான் கேட்கும். "பின் பக்க பேரிங்" என்றார். கழற்றிப் பார்த்தால் அதுதான்.

டீ குடிக்கும்போது அவரிடம் மட்டும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். சாயங்காலம் வரைக்கும் என் வேலையையும் சேர்த்து அவரே பார்த்தார்.

செப்டம்பர் 12, சனி

மார்ச் 3 எழுதிய தாளைக் கிழிக்கப்போனேன். பாதி கிழிந்துவிட்டது. இவள் வந்து கையைப் பிடித்தாள்.

"கிழிக்காதீங்க."

"பொய் எழுதி வச்சிருக்கேன்."

"எது பொய்? அன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க, அவ திரும்பினா. அது நெசந்தானே?"

நான் அவள் முன்னால் அழுதது அப்பா செத்தபோதுகூட இல்லை. இன்று அழுதேன். அவளும் அழுதாள். "எனக்கு உங்க மேல கோவம் இருக்கு. நெறைய இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்" என்றாள். இருக்கட்டும். அதைக் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது.

தாளை டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள்.

நவம்பர் 1, ஞாயிறு

ஒரு வயது.

அக்கா குடும்பத்தோடு வந்தாள். எல்லாம் சொல்லித்தான் வைத்திருந்தேன். ஆனாலும் படியேறி வந்தவள் வாசலில் நின்று பழக்கதோஷத்தில் சீட்டியடித்துவிட்டாள். நான் திரும்பினேன். அக்கா பெண் திரும்பினாள். மிளகு கேக்கில் கை வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி படியிறங்கிப் போய்விட்டாள். போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது.

காது மெஷின் வந்து ஒரு மாதம் ஆகிறது. மாட்டிய ஐந்தாவது நிமிடம் பிடுங்கிக் கடிக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு எதையாவது கேட்டாளா? ஒரு தடவைகூட எங்களுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 5, சனி

கைப்பேச்சு சொல்லித் தரும் டீச்சர் வாரம் இரண்டு நாள் வருகிறார். அவருக்கும் காது கேட்காது. 'பால்' என்பதற்குக் கையை எப்படி மூடித் திறப்பது என்று காட்டினார். இவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள், துணி வெட்டிய கை. என் விரல்கள் ஸ்பானர் பிடித்தே காய்த்துப்போனவை. டீச்சர் நான் செய்ததைப் பார்த்துச் சிரித்து, ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'நீங்கள் மாட்டைக் கறக்கிறீர்கள்.'

ஐந்து மாதம் முன்னாலேயே தொடங்கியிருந்தால்? தினமும் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வருகிறது.

டிசம்பர் 27, ஞாயிறு

மிளகு கையை மூடித் திறந்தாள். பால்! எனக்கில்லை, அவள் அம்மாவுக்கு. பரவாயில்லை.

ஜனவரி 10, ஞாயிறு

ஐந்து மாதமாகச் சீட்டியே அடிப்பதில்லை. மிளகைக் கூப்பிட வாசலில் நின்று மிதி மட்டும்தான். வேலைக்கு நடுவில் தானாக உதட்டுக்கு வருகிறது. விழுங்கிவிடுகிறேன். அப்பாவும் அக்காவும் நானும் அந்தப் பக்கம் நிற்கிறோம், மிளகு தனியாக இந்தப் பக்கம் நிற்கிறாள் என்று ஒரு நினைப்பு. வீட்டு ஆள் என்பதற்கு அப்பா வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். அதை மாற்ற அவர் இல்லை.

பிப்ரவரி 7, ஞாயிறு

காலையில் இவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்புக்கு முன்னால் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். காலடியில் தரை ஒரு தடவை அதிர்ந்தது. போஸ்ட்மாஸ்டர் கட்டையை எடுத்துவிட்டார் போல, நாம் ஒன்றும் குதிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி அதிர்ந்தது. அவர் தட்டினால் பலகை இப்படி அதிராது. குதிகால் மிதிதான்.

திரும்பினேன்.

மிளகு நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நான் நிற்கும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்ததும் நாற்காலியை விட்டுவிட்டு ஒரு கையை மூடித் திறந்தாள். பால். என்னிடம்தான் கேட்டாள்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.