மழைக்கால நடைக்கூலி

தென்காசி,
8-8-1944.

நம்பிராஜனுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்த ஓராண்டாக உன்னிடம் கூலி பாக்கி கேட்ட போதெல்லாம் பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டுதான் கேட்டேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், மதுரையில் காண்டிராக்டர் என்று பெயர் எடுத்துவிட்டான், நாலு பேர் முன்னால் அவன் முகம் சுண்டக்கூடாது என்று நினைத்தேன். என் முகம் சுண்டுவதைப் பற்றி நீ ஒரு நாளும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் படி.

வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சந்தோஷம். என் லாரி ஆனி மாதத்திலிருந்து புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கிறது. பின் டயர்களில் நூல் தெரிகிறது. யுத்தகாலத்தில் டயருக்குப் பெர்மிட் வாங்குவது ஒரு பாடு, பெர்மிட் கிடைத்தாலும் கையில் காசு வேண்டும். லாரி வாங்கக் கடன் கொடுத்த பாவூர்சத்திரத்து நெல் வியாபாரி, ஆவணி முடிவதற்குள் கடனைத் தீர்க்காவிட்டால் வண்டியை ஓட்டிப்போக ஆள் அனுப்புவேன் என்கிறார். ஓட்டிப்போக முடியாது, மாடு கட்டி இழுத்துத்தான் போகவேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வண்டி போனால் நான் என்ன ஆவேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூல் பைனல் தேறியவனுக்கு இந்தத் தாலுகாவில் என்ன வேலை காத்திருந்தது என்பதை நீ பார்த்தவன்.

போன வருஷம் நாம் பேசிக்கொண்டதை உனக்கு நினைவூட்டுகிறேன், ஏனென்றால் உனக்கு மறந்துவிட்டதாகச் சொல்கிறாய். தென்மலையில் மரம் வெட்டுகிற கூப்பிலிருந்து தென்காசி டிப்போவுக்கு மரம் ஏற்ற ரயில் வேகன் கிடைக்கவில்லை என்று என்னைத் தேடி வந்தாய். வெயில் காலத்தில் ஒரு லோடு ஒரு நடை, அதற்கு இன்ன கூலி என்று முடிந்தது. அந்த மாதங்களுக்குப் பணமும் தந்தாய், இல்லையென்று சொல்லவில்லை. சாரல் பிடித்ததும் நான் உன்னிடம் வந்தேன். பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பில் எழும்பும் வாயுவில் ஓடுகிற வண்டி இது. கரி ஈரமானால் வாயு எழும்பாது, தென்மலையிலிருந்து ஆரியங்காவு ஏற்றத்தில் முழு லோடு ஏறாது. பாதி லோடாகத்தான் கொண்டுவர முடியும், ஒவ்வொரு பாதியையும் ஒரு நடையாகவே கணக்கு வைக்கவேண்டும் என்றேன். நீ சரி என்றாய்.

எங்கே சொன்னாய் என்பதும் எனக்கு மறக்கவில்லை. குற்றாலத்தில், பேரருவிக்குப் பக்கத்துப் பாறையில், எண்ணெய் தேய்க்கிறவனிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். நான் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி உன் கையெழுத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். அதைப் பார்த்து நீ சிரித்தாய். "ஏலே தளவாய், கையெல்லாம் எண்ணெய் வழியுது. தாள்ல பட்டா உன் முத்து முத்தான எழுத்து ஊறிப்போகும்லே. குளிச்சிட்டு வந்து போடுதேன், நான் எங்கன ஓடப்போறேன்?" என்றாய். உன் கணக்கப்பிள்ளை ஹபீபுல்லா துண்டை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நீ குளித்துவிட்டு வந்தாய். மதுரை விருந்தாளிகள் பசியோடு காத்திருந்தார்கள், இலை போட்டார்கள். ஈரத் தலையோடு சாப்பிட உட்கார்ந்தவனிடம் தாளை நீட்டுவது மரியாதையில்லை என்று நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். படிக்காத டிரைவர் எவனாக இருந்தாலும் நீட்டியிருப்பான்.

அந்த மழையில் நாங்கள் பட்ட பாட்டை நீ பார்க்கவில்லை. என் கிளீனர் மாடன் கரி மூட்டையின் மேல் தன் சாக்கைப் போட்டு மூடிவிட்டுத் தான் நனைந்துகொண்டு வருவான். பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அடுப்பை விசிறி, வாயு பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். "அண்ணாச்சி, இது லாரியில்ல, பொங்கப் பானை. நாம மரம் ஏத்தல, வெறகுதான் கொண்டு போறோம்" என்பான். சிரிக்க வைக்கத்தான் சொல்லுவான். ஐப்பசியில் ஒரு நாள் அடுப்பு மூடியைத் திறந்தபோது தீ வெளியே அடித்து அவன் வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. அன்றைக்கும் லோடு உன் டிப்போவில் வந்து இறங்கியது. வண்டிக் கரியும், டயரும், செங்கோட்டைக்கு இப்பால் சமஸ்தான எல்லைச் சாவடியில் காவல்காரர்கள் கேட்டதும் எல்லாம் என் கைக்காசு.

மழைக்கால நடைகளுக்குக் கூலி கேட்டபோது, இரண்டு நடை சேர்ந்தால்தான் ஒரு லோடு, லோடுக்குத்தான் கூலி, அதனால் பாதிதான் வரும் என்றாய். அந்தப் பாதியும் வரவில்லை. இந்த சீசனுக்கு நீ குற்றாலம் வந்தபோது நீ இறங்கியிருந்த பங்களாவுக்கே வந்து கேட்டேன். விருந்தாளிகளுக்கு முன்னால் என் தோளில் கையைப் போட்டு நீ சொன்னதை என்னால் ஒரு எழுத்து விடாமல் எழுத முடியும். "நீ எனக்கு வேலைக்காரனாலே? வண்டி ஒன்னோடது, நீயும் ஒரு மொதலாளி. மொதலாளிக்கும் மொதலாளிக்கும் நடுவுல கூலிப் பேச்சு எதுக்கு?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காப்பி கொடுத்தீர்கள். குடித்துவிட்டு வந்தேன்.

நான் முதலாளி என்பதை நான் யோசனை கேட்கப் போன வக்கீலும் உறுதிப்படுத்தினார். கூலிச் சட்டம் மில்லிலும் ரயில்வேயிலும் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, சொந்த வண்டி வைத்திருப்பவருக்கு இல்லை, முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடும், கோர்ட் பீஸ் கட்டும், சாட்சி கொண்டுவாரும் என்றார். இதைச் சொன்னதற்குப் பீஸும் வாங்கிக்கொண்டார். உன்னிடம் வேலை பார்த்தபோது நான் முதலாளி. வக்கீலிடமும் முதலாளி. நெல் வியாபாரியிடம் மட்டும் நான் முதலாளியாக இல்லை.

சாட்சி என்றால் ஹபீபுல்லாதான். அவரைக் கேட்டேன். "நான் அங்கன நின்னது நெசம் அண்ணாச்சி. ஆனா எனக்கு அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைன்னு வச்சுக்கிடுங்க. வீட்டுல பொம்பளப் பிள்ளைகள் இருக்கு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் சம்பளத்தில் சாப்பிடுகிற மனிதர், இவ்வளவாவது உண்மையைச் சொன்னார்.

உன்மேல் எனக்குள்ள கோபம் இந்தக் கூலியோடு ஆரம்பிக்கவில்லை என்று நீ சொல்வாய். சரிதான். நான் எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் கட்டுரைக்கு நீ பரிசு வாங்கினாய். உன் கல்யாணத்தில் என்னை டிரைவர்கள் பந்தியில் உட்கார வைத்தார்கள், அப்போது நான் டிரைவர்கூட இல்லை, கோவாப்பரேட்டிவ் சொசைட்டியில் குமாஸ்தா. இதெல்லாம் சின்ன விஷயங்கள் என்று உனக்குத் தோன்றும். இவற்றுக்கு நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது ஓடின நடைக்குக் கூலி.

இனி நேற்று நடந்தது. ஹபீபுல்லா பணத்தோடு வந்தார், பாதிப் பணம். கூடவே ஸ்டாம்பு ஒட்டிய ரசீது, மழைக்கால நடைகளுக்கு முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், இனிப் பாக்கி இல்லை என்று எழுதி. ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டால்தான் பணத்தைத் தரச் சொன்னாயாம். அந்த நேரம் மாடன் பெண்டாட்டி குருவம்மாள் வாசலில் நின்றாள். அவள் அடிக்கடி வருவாள், கேட்கமாட்டாள், நிற்பாள். அவனுக்கு நான் தரவேண்டிய கூலி முழுவதும் பாக்கி. கை இன்னும் சரியாக மடங்கவில்லை, வேறு வேலைக்கும் போக முடியவில்லை. நீ எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டால் உன் வாக்கு பொய்யில்லை, என் வாக்குத்தான் பொய் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். ஹபீபுல்லா நோட்டுகளைத் திரும்பப் பையில் வைத்தார். குருவம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போகும்போது, "பாதியாவது வாங்கிப் போட்டிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நமக்குள் உள்ள வழக்கு இருக்கட்டும். கோர்ட் பீஸுக்கு வீட்டுப் பாத்திரத்தை விற்றாவது நான் வழக்குப் போடுவேன், வண்டி போனாலும் போடுவேன். ஆனால் மாடனுக்குச் சேரவேண்டியதை மட்டும் இந்த வாரமே ஹபீபுல்லா மூலம் குருவம்மாள் கையில் கொடுத்துவிடு. எவ்வளவு என்று அவளே சொல்லுவாள், கூட்டிச் சொல்லமாட்டாள். நாளைக்கு எனக்கு வரவேண்டியதில் அதைக் கழித்துக்கொள். அவன் கை வெந்தது உன் மரத்துக்காக. அவன் முதலாளி இல்லை.

இலத்தூர்ப் பக்கம் போகும்போது உன் அம்மாவைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார்கள், கண் பார்வைதான் மங்கலாக இருக்கிறது. உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். "நம்பி ஒனக்கு ஒழுங்கா வேலை குடுக்கானாலே?" என்று கேட்டார்கள். குடுக்கான் அம்மா என்று சொன்னேன். அந்த வயதில் அவர்கள் உன்னைப் பற்றி நல்லதையே கேட்டுக்கொண்டிருக்கட்டும். ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போ. சீசனுக்கு வருகிறவன் இலத்தூருக்கும் வரலாம்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். பெரிய உத்தியோகத்துக்குப் போகட்டும். யாரிடமும் போய்க் கூலி கேட்டு நிற்கிற நிலைமை அவர்களுக்கு வரவேண்டாம்.

இப்படிக்கு என்று எழுதப்போய்ப் பேனாவை எடுத்துவிட்டேன். உனக்கு என்னிடமிருந்து வேண்டியது ஒரு கையெழுத்து. கூலி வந்து சேரும் வரை அது எந்தத் தாளிலும் உனக்குக் கிடைக்காது, இதிலும்தான். மொட்டைக் கடிதம் என்று மேஜைமேல் போட்டுவிடாதே, இந்த எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும். இப்படியே ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.