ஊசிக்கு ஒரு கையெழுத்து

புரட்டாசி 20, செவ்வாய்க்கிழமை

இன்றைக்கு என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் ஊசி போட்டார்கள். சர்க்கரையால் விழித்திரை வீங்கியிருக்கிறதாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே நோய், இதே ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது இவர்.

"கண்ணுல போயி ஊசியா? அதெல்லாம் வேணாம் டாக்டர்."

அப்படியானால் ஊசி வேண்டாம் என்று எழுதித் தாருங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"நான் வாசிச்சிட்டேன். நீ பேசாம கையெழுத்தப் போடு."

போட்டேன். இவர் சொன்னால் போட்டுவிடுகிற ஆள் நான். ஆறே மாதத்தில் இடது கண் போனது.

இன்றைக்குச் சொட்டு மருந்து விட்டதில் கிட்டத்து எழுத்தெல்லாம் இவருக்கு மங்கிவிட்டது. நர்ஸ் சம்மதத் தாளை நீட்டினாள். வீட்டையே அதட்டுகிற மனுஷன் பேனாவை வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு வாரோம்னு சொல்லிருவமா? இதுல இம்புட்டு எழுதியிருக்கே, என்னன்னு வாசி."

"நான் வாசிச்சிட்டேன். நீங்க பேசாம கையெழுத்தப் போடுங்க."

மூன்று வருடமாக வாய்க்குள் வைத்திருந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

போட்டார். உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.



உண்மையில் அந்தத் தாளில் ஒரு வரிகூட நான் வாசிக்கவில்லை. கண்ணாடி பைக்குள்ளேயே கிடந்தது. அது இல்லாமல் மிச்சமிருக்கிற கண்ணுக்கும் எழுத்து தெரியாது. கண்ணாடியைப் போட்டாயா என்றுகூட அவர் கேட்கவில்லை.