நிறுத்திய இடத்திலிருந்து

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஊர்க் குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போவாய் என்று நம்புகிறேன். மூட மாட்டாய் என்று தெரியும். நம்புகிறேன், அவ்வளவுதான்.

நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூன்று ரிமோட்டின் வேலையை இந்த ஒன்றே செய்யும், அத்தை இனிமேல் கஷ்டப்பட வேண்டாம் என்று நீ சீட்டில் எழுதியிருந்ததை உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அது சுற்றி வந்த குமிழி பிளாஸ்டிக்கை அவள் நீவி மடித்து பீரோவுக்குள் வைத்துக்கொண்டாள். அதை ஒரு நல்ல அறிகுறியாக நான் எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் இந்த வீட்டில் நான் அறிகுறி பார்த்துத்தான் காலம் தள்ளுகிறேன்.

நீ போனில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு வேலை பார்க்கும் மருந்தாளர் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார், அத்தையும் மாமாவும் சரியென்றால்தான் நான் சரியென்பேன் என்றாய். பிள்ளை நம்மை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. என்னை மட்டும் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ இரண்டு பேரையும் கேட்டாய். உன் அத்தை போனை என் கையில் திணித்துவிட்டு, துணி எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போய்விட்டாள். அன்று கொடியில் ஒரு துணிகூட இல்லை.

அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ வேலை பார்த்த லேபிலிருந்து உன்னைக் கூட்டிவரப் போன வழியில்தான் அவனுக்கு அந்த விபத்து ஆயிற்று. துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவில், "அவளைக் கூப்பிடத்தானே போனான்" என்று உன் காதுபட ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவைதான். நீ அதை மறந்திருக்க மாட்டாய். அவளும் மறக்கவில்லை, அதுதான் அவள் வியாதியே. நேரில் நின்றால் அத்தை காலைப் பிடித்திருப்பேன் என்று நீ போனில் சொன்னதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போனில் இதையெல்லாம் பேசினால் என் குரல் பாதி வழியில் பிரேக் டவுன் ஆகிவிடும். அதனால்தான் கடிதம்.

சரி, ரிமோட் கதைக்கு வருவோம். அதில் நான் பட்ட பாட்டை நீ தெரிந்துகொள்ள வேண்டும். டிவிக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, டிவிக்குக் கீழே அவன் வைத்த கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு உன் அத்தை தினமும் சீரியலுக்காகப் போராடுவாள். முதலில் ஸ்பீக்கரைப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் படம் வரும், சத்தம் வராது. அவன் இருந்தவரை நாம் யாரும் இதையெல்லாம் கண்டுகொண்டதில்லை. ஹாலுக்கு அவன் வைத்த பெயர் கொட்டகை. கொட்டகைக்காரன் இருக்கும்போது நமக்கென்ன என்று உட்கார்ந்திருந்தோம். இப்போது கம்ப்யூட்டர் ரிமோட்டுக்கும் முதுகு உடைந்து டேப் ஒட்டியிருக்கிறது.

டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் சுலபமாக முடிந்தது. கூட வந்த புத்தகத்தில் கம்பெனிக்கு ஓர் எண் போட்டிருக்கிறான். அதை அழுத்தினால் போதும். கம்ப்யூட்டருக்கு எண்ணே இல்லை. கடைசியில் ஸ்க்ரூவுக்குப் போன் செய்தேன். பிள்ளையின் சிநேகிதன், கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். அந்தப் பெட்டி எந்தக் கம்பெனியும் செய்ததல்ல, நம் பிள்ளை பாகங்களை வாங்கித் தன் கையால் பூட்டியது, அதனால் எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்றான். பழைய ரிமோட்டிடமிருந்துதான் புதியது கற்றுக்கொள்ள வேண்டுமாம். வந்து செய்து கொடேன் என்றேன். கடையில் வேலை இருக்கிறது மாமா, போனிலேயே சொல்கிறேன் என்றான். அதெல்லாம் சாக்கு. பிள்ளை போன நாளிலிருந்து அவன் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது. மருந்து மாத்திரை வாங்கி வந்தாலும் கேட்டிலேயே நின்று நீட்டிவிட்டுப் போய்விடுவான்.

ஆகவே போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒரு கை பார்ப்பது என்று தரையில் உட்கார்ந்தேன். இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைக்க வேண்டும். புதியதில் ஒரு பட்டனை அமுக்கி, பிறகு பழையதில் அதே பட்டனை அமுக்க வேண்டும். கற்றுக்கொண்டால் விளக்கு இரண்டு தடவை மின்னும். கண்டக்டர் வேலை பார்த்தவனுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நானும் கண்டக்டர் மிடுக்கோடு வேலையை முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மின்னல். கடைசியில் ஒரே பட்டனில் ஸ்பீக்கர், டிவி, கம்ப்யூட்டர் மூன்றும் வரிசையாக எழுந்தன. அதிலும் ஒரு சூட்சுமம். டிவி தூக்கத்திலிருந்து எழ நேரம் எடுக்குமாம். அது கண் விழிப்பதற்குள் அடுத்த உத்தரவு போட்டால் காதில் விழாதாம். அதனால் நடுவில் கொஞ்சம் தாமதம் வைக்கச் சொன்னான், வைத்தேன்.

உன்னிடமும் அதைத்தான் கேட்கிறேன், அம்மா. உன் அத்தை எழுந்துகொள்ள நேரம் எடுக்கிறது. அதற்குள் அந்த மனிதரிடம் முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. கொஞ்சம் பொறு.

உன் நலம் ஒன்றையே நினைத்திருக்கும்,
மாமா

*

அன்பு மருமகளுக்கு,

முன்பு எழுதியது உன் கைக்குக் கிடைத்ததோ இல்லையோ தெரியாது. அதற்குள் அடுத்ததை எழுத உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். ரிமோட் வேலையைப் பிரமாதமாக முடித்தேன் என்று பீற்றிக்கொண்டேன் அல்லவா? சொதப்பியிருக்கிறேன். மேல், கீழ், இடது எல்லாம் சரியாகக் கற்றுக்கொடுத்தேன். அடுத்து வலது பக்க அம்பு. புதியதில் அமுக்கினேன். போனில் ஸ்க்ரூ, "இப்போ பழசுல ரைட்டு" என்றான். காலமெல்லாம் ரைட் என்றால் எனக்குக் கிளம்பு என்றுதான் அர்த்தம். வலது, இடது எல்லாம் டிரைவர் பாடு. சரி, போகலாம் என்கிறான் என்று நினைத்துப் பழையதில் ஓகே பட்டனை அமுக்கியிருக்கிறேன். விளக்கும் நல்லபிள்ளை மாதிரி இரண்டு தடவை மின்னியது. உன் ரிமோட்டில் ஒரு குறையும் இல்லை. குறை என் காதில். ஆக, வலது அம்பை அமுக்கினால் நகராது, ஓகே கொடுத்துவிடும். சோதித்துப் பார்த்தபோது மேலும் கீழும் போய்ப் பார்த்தேனே தவிர, வலது பக்கம் நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று உனக்குத் தெரியும். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வரிசையில் முதல் கட்டமாக நிற்கிறதே, அன்று அவன் பாதியில் நிறுத்திய படம். அதன் கீழே பாதி தூரம் ஓடி நின்ற சிவப்புக் கோடு. படத்தை நிறுத்திவிட்டு, அவளும் வரட்டும், மீதியை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான். அதை யாரும் திறக்கக் கூடாது என்பது உன் அத்தையின் சட்டம். தினமும் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வலது அம்பை அமுக்கி அதைத் தாண்டித் தன் சீரியலுக்குப் போவாள். எனக்கு அதைத் தாண்டக்கூட மனம் வருவதில்லை.

மறுநாள் மதியம் நான் கண் மருந்து வாங்க வெளியே போயிருந்தேன். உன் அத்தை புது ரிமோட்டை எடுத்திருக்கிறாள். ஒரே பட்டனில் எல்லாம் எழுந்ததும் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், வெளியே சொல்ல மாட்டாள். வழக்கம்போல் வலது அம்பை அமுக்கியிருக்கிறாள். தாண்டவில்லை. படம் திறந்துகொண்டது. அம்மாவுக்காக அவன் அந்தப் பெட்டியைத் தமிழில் பேச வைத்திருந்தான் இல்லையா? நிறுத்திய இடத்திலிருந்து தொடரவா, முதலிலிருந்து தொடங்கவா என்று கேட்டதாம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியாவது விலகிப் போய்விடலாம் என்று மறுபடியும் அதே அம்பை அமுக்கியிருக்கிறாள். மேலே இருந்தது தொடரவா என்ற கேள்வி. அதற்குத்தான் ஓகே போயிருக்கிறது. நிறுத்திய இடத்திலிருந்து படம் ஓட ஆரம்பித்துவிட்டது.

நான் திரும்பி வந்தபோது செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு சத்தம் கேட்டது. இவள் சிரிக்கிறாள். உள்ளே போய்ப் பார்த்தால், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கன்னத்தில் தண்ணீர் வடிய வடியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் குற்றம் செய்தவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் ஒருவன் கல்யாண வீட்டில் தப்பான மாப்பிள்ளைக்கு மாலையைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு முன்கதை ஒன்றும் தெரியாது, தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

முடியும்வரை பார்த்தோம். முடிந்ததும் பெட்டி தானாகப் பழைய பக்கத்துக்குத் திரும்பியது. முதல் கட்டத்தில் அந்தப் படம் இல்லை. முழுதும் பார்த்ததை அது வரிசையிலிருந்து எடுத்துவிடுமாம். அவளுடைய சீரியல் நகர்ந்து முதலில் வந்து நின்றது. உன் அத்தை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது என்னை உண்டு இல்லை என்று பண்ணப்போகிறாள் என்று காத்திருந்தேன். கோபமே படவில்லை. அன்று அடுப்படியில் இருந்தபோது அவன் ஹாலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தது கேட்டதாம். என்னத்துக்கு அப்படிச் சிரித்தான் என்று இத்தனை நாளும் யோசித்துக்கொண்டே இருந்தாளாம். நல்ல படம்தான் என்று சொல்லிவிட்டு விளக்கு போட எழுந்தாள்.

டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். தன் டம்ளரை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் உனக்கு எழுதுகிறேன்.

"அன்னிக்கு மழையில லேப் வாசல்லயே நின்னுட்டு இருந்தா அவ. இவன் வந்துடுவான், வந்துடுவான்னு. நம்ம யாருக்கும் அவ ஞாபகமே வரல. கடைசியாதானே போய்ச் சொன்னோம். பாவம், அவ இன்னும் அங்கயே நின்னுட்டு இருக்கா. போதும்னு சொல்லுங்க. கிளம்பச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு டம்ளரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீயே போனில் சொல்லேன் என்று பின்னாலேயே போனேன். சொன்னால் அழுதுவிடுவேன், நான் அழுதால் அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்றாள். அது உண்மைதான், நீ அப்படிப்பட்ட ஆள்தான். முன்பு உன் காதுபடச் சொன்ன அந்த வார்த்தைக்கு அவள் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தெரியாது, அம்மா. இதுதான் அவள் கேட்கிற முறை என்று எடுத்துக்கொள்.

அம்பைச் சரிசெய்ய ஸ்க்ரூவைக் கூப்பிட்டேன். வழக்கம்போல் கேட்டில் வந்து நின்று, ரிமோட் இரண்டையும் இங்கேயே கொண்டுவாருங்கள் மாமா என்றான். உன் அத்தை வாசலுக்குப் போய், பெட்டி உள்ளேதானே இருக்கிறது, உள்ளே வராமல் எப்படிச் சரிபார்ப்பாய் என்று அதட்டினாள். வந்தான். அவன் எப்போதும் உட்காரும் ஸ்பீக்கர் மூலையில் உட்கார்ந்து வேலையை முடித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம். இப்போது வலது அம்பு வலது பக்கம்தான் போகிறது. இனிமேல் தாண்டிப் போவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அந்த மருந்தாளரைப் பற்றி நான் என்னென்னவோ விசாரிக்க நினைத்தேன். உன் அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டு எழுதச் சொன்னாள். அவர் நன்றாகச் சிரிப்பாரா என்று. அதற்கு மட்டும் பதில் எழுது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேருமாக வாருங்கள். வீட்டுச் சாவி உன்னிடம் ஒன்று இருக்கிறதே, அதைத் திருப்பி அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. அது உன்னுடையது. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை என்று இப்போதும் நான் சொல்வதுண்டு. கேட்பவர்கள் அவனைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் உனக்குக் கிடைக்கட்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறோம். என் விசில் இப்போது எங்கே கிடக்கிறதோ தெரியவில்லை, இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருப்பேன். பின்னால் நானும் உன் அத்தையும் பார்த்துக்கொள்கிறோம். நீ திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ரைட், அம்மா. போகலாம்.

உன்,
மாமா